உரசல் தின்னும் படகு

துறையை நெருங்கும்போது படகு மோதிவிடுமோ என்ற அச்சம் எல்லாருக்கும் உண்டு. மோதல் சத்தத்தோடு நடக்கும். கரையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஓட்டியவரின் முகம் சுருங்கிவிடும். ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வேலைப்படகுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, அந்த நொடியைக் காட்டிலும் அதற்குப் பின் வரும் இரவுதான் பெரிதாகத் தெரிகிறது. கயிறுகளைக் கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் படுத்த பிறகும் படகு சும்மா இருப்பதில்லை. ஒவ்வோர் அலைக்கும் ஒரு சாண் முன்னே போகிறது, ஒரு சாண் பின்னே வருகிறது, எழும்புகிறது, தாழ்கிறது. சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு போல்ட் தலை அதே இடத்தை விடியும்வரை சுரண்டுகிறது. நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இப்படிக் கட்டிக்கிடந்த நேரத்தில் வந்தவையே.

கண்ணாடியிழைப் படகின் மேல் பளபளக்கும் ஜெல்கோட் பூச்சு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அது தேய்ந்து உள்ளிருக்கும் இழை வெளிப்பட்டுவிட்டால் நீர் மெல்ல உள்ளே ஊறத் தொடங்கும். இரும்புப் படகில் பெயின்ட் போன இடம் மறுநாளே துருவைக் காட்டிவிடும். மரப்படகு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதன் பக்கவாட்டில் ஓடும் உரசுகட்டையைத் தேய்ந்தபின் கழற்றி மாற்றலாம். கட்டைக்குக் கீழே பலகையில் காயம் பட்டால் அதற்கும் அதே கதிதான்.

மிதவை மேடை அமைந்த துறை கிடைத்தால் கவலை குறைவு. நீர்மட்டத்தோடு மேடையும் ஏறி இறங்குவதால், படகுக்கும் துறைக்கும் நடுவே உரசலைத் தாங்கத் தொங்கவிடும் மெத்தை போன்ற தடுப்பான ஃபெண்டர், ஒருமுறை தொங்கவிட்ட உயரத்திலேயே கடைசிவரை வேலை செய்யும். வேலைப்படகுகளுக்கு அந்த வசதி அரிதாகவே வாய்க்கிறது. மேற்பூச்சு உதிர்ந்து ஜல்லி வெளியே தெரியும் கான்கிரீட் சுவர், மடிப்பு மடிப்பாக அடித்து இறக்கிய இரும்புத் தகட்டுச் சுவர், இடைவெளி விட்டு நிற்கும் மரத்தூண்கள் ஆகியவற்றில்தான் எங்கள் பிழைப்பு. கான்கிரீட் அரத்தைப் போல அராவும். தகட்டுச் சுவரின் பள்ளத்துக்குள் ஃபெண்டர் போய் உட்கார்ந்துகொண்டால், மேடு நேராகப் படகின் விலாவைத் தொட்டுவிடும். தூண்கள்தாம் எல்லாவற்றிலும் மோசம். செங்குத்தாகத் தொங்கும் ஃபெண்டர் தூணின் வளைவில் நிலைத்து நிற்காது. படகு சற்றே நகர்ந்ததும் பக்கவாட்டில் பிதுங்கி விலகிவிடும். பிறகு தூணுக்கும் படகுக்கும் நடுவே எதுவும் இருக்காது. நீர் ஏறி இறங்கும் பகுதியில் தூணைப் பற்றி வளரும் கொட்டலசும் சிப்பியும் காற்றடைத்த ஃபெண்டரையே கீறிவிடும் கூர்மை கொண்டவை.

ஆகவே எதன்மேல் சாயப்போகிறோம் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பழக்கமில்லாத துறை என்றால், அணைவதற்கு முன் ஒருமுறை மெதுவாகக் கடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரச் சொல்வேன். அந்தச் சில நிமிடங்களை வீண் என்று நினைக்கும் ஓட்டிகள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போனதே இல்லை.

தூண்துறைக்கு எனக்குத் தெரிந்து பலகையை மிஞ்சிய மருந்து கிடையாது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் தடிமன், ஒரு சாண் அகலம் உள்ள நல்ல பலகை போதும். இரு முனைகளிலும் துளையிட்டுக் கயிறு கோத்து, படகின் பக்கவாட்டில் கிடைமட்டமாகத் தொங்கவிட வேண்டும். பலகைக்கும் படகுக்கும் நடுவே இரண்டு ஃபெண்டர்கள் வரவேண்டும். அவற்றைப் பலகையின் முனைகளிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்தால் பலகை புரளாது. இப்போது படகு முன்னும் பின்னும் நகர்ந்தாலும் தூண் பலகையின் மீதே வழுக்கிக்கொண்டிருக்கும். கொட்டலசு மரத்தைத்தான் கடிக்கும். பலகையின் விளிம்புகளை இழைத்து உருட்டிவிட வேண்டும். கயிற்று முடிச்சு வெளிப்பக்கம் துருத்தாதபடி துளையைச் சற்றுக் குடைந்துவிட வேண்டும். இந்தச் சின்ன வேலைகளைச் செய்யாமல் விட்டால் முதல் இரவிலேயே கயிறு அறுந்து பலகை மிதந்து போய்விடும். பலகை தேயட்டும், பிளக்கட்டும். தேய்வதற்கென்றே அதைத் தொங்கவிடுகிறோம். தகட்டுச் சுவரிலும் இதே பலகை இரண்டு மேடுகளை இணைத்துப் படுத்துக்கொள்ளும்.

தட்டையான சுவருக்குப் பலகை தேவைப்படாது. செங்குத்தாகத் தொங்கும் உருளை ஃபெண்டர்களே போதும். படகின் நீளத்தில் ஒவ்வொரு 1.2 முதல் 1.5 மீட்டருக்கும் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விட்டம் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கில் 12 மீட்டர் படகுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரும். கரடுமுரடான துறைக்குப் போகும் படகில் அதற்கு அடுத்த பெரிய அளவையே நான் வாங்கச் சொல்வேன். படகு அகன்று சுவரைத் தொடும் நடுப்பகுதியில் ஃபெண்டர்களை நெருக்கமாகவும், முன்புற வளைவு தொடங்கும் இடத்தில் ஓர் உருண்டை ஃபெண்டரும் வைக்கலாம். கயிற்றைத் தளத்தில் கயிறு கட்டுவதற்கென்றே பதித்த கொம்பான கிளீட்டிலோ கைப்பிடித் தூணின் அடியிலோ கட்ட வேண்டும். மேலே ஓடும் பாதுகாப்புக் கம்பியில் கட்டினால் ஒவ்வோர் இழுப்பும் தூணை வளைத்து அதன் அடித்தட்டை அசைக்கும். அங்கே பிறகு மழைநீர் கசியும்.

ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், உள்ள இடத்தில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஃபெண்டர் படகோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது, சுவர் அசைவதில்லை. நீர் வற்றும்போது, மாலையில் வழவழப்பான பகுதியில் சாய்ந்திருந்த படகு, நள்ளிரவில் கொட்டலசு மூடிய அடிப்பகுதிக்கு எதிரே வந்துவிடும். நீர் உயரும்போது ஃபெண்டர் சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி மேடைமேல் புரண்டு படுத்துக்கொள்ளும். விளிம்பு வெறும் படகைப் பிடிக்கும். தூண்களை இணைக்கும் குறுக்குவிட்டத்தின் அடியில் படகின் விளிம்பு சிக்கிக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. நீர் ஏற ஏற விட்டம் படகை அமுக்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் திரும்பும் நேரங்களில் ஒருவர் விழித்திருந்து பார்ப்பது எங்கள் படகில் மாறாத ஒழுங்கு.

கயிறுகளைப் பற்றிப் பேசாமல் ஃபெண்டரைப் பற்றிப் பேசுவது பாதி வேலை. படகு முன்பின்னாக ஓடுவதை அடக்குபவை ஸ்பிரிங் கயிறுகள்: ஒன்று முன்புறத்திலிருந்து பின்னோக்கியும், மற்றொன்று பின்புறத்திலிருந்து முன்னோக்கியும் கரைக்குப் போகும். அவை சரியாக இருந்தால் உரசலில் பெரும்பகுதி அடங்கிவிடும். எல்லாக் கயிறுகளும் நீளமாக இருப்பது நல்லது. நீர்மட்டம் 3 மீட்டர் இறங்கும்போது, கிடையாக 4 மீட்டர் தூரத்தில் கட்டிய கயிற்றுக்குக் கூடுதலாக 1 மீட்டர் தேவைப்படும். 12 மீட்டர் தூரத்தில் கட்டியிருந்தால் 40 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே தேவைப்படும். நைலான் கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்வதால் இந்த வேலைக்கு அதுவே பொருத்தம். சுவர் விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் சுற்றிவிட்டால் கயிறும் பிழைக்கும்.

அணையும் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 10 டன் எடையுள்ள படகு விநாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் சாய்ந்தால் 800 ஜூல் ஆற்றலை ஃபெண்டர்கள் உள்வாங்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் அது 200 ஜூலாகிவிடும். நடுக்கடலில் இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கம் நின்று சரக்கு மாற்றும்போது இடையே மிதக்கவிடும் பெரிய காற்று ஃபெண்டர்களுக்கு ஐஎஸ்ஓ 17357 என்ற தரநிலையே இருக்கிறது. அவற்றின் தொடக்க அழுத்தம் 50 அல்லது 80 கிலோபாஸ்கல். அவ்வளவு பெரிய ஏற்பாட்டோடும் அந்தக் கப்பல்கள் ஊர்ந்துதான் நெருங்குகின்றன.

துறைகளில் தொங்கும் பழைய டயர்கள் இரும்புப் படகுக்குக் கைகொடுக்கும். வெள்ளைப் படகில் அவை கறுப்புக் கோடு இழுக்கும்; தேய்ந்த டயரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுக் கம்பி பூச்சை வரிவரியாகக் கீறும். ஃபெண்டருக்குத் துணி உறை போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் உறையில் மணல் புகுந்தால் அதுவே உப்புத்தாளாகிப் பூச்சைத் தேய்க்கும் என்பதால் அடிக்கடி நன்னீரில் அலசிவிட வேண்டும்.

படகு சுவரை நோக்கி வரும்போது காலை நீட்டித் தடுக்கும் உந்துதல் புதியவர்களுக்குத் தானாக வந்துவிடும். எங்கள் மூத்த ஓட்டி ஒருவர் இதில் மட்டும் குரலை உயர்த்துவார். "காலை உள்ளே எடு, தம்பி! படகை நான் பூசிக்கொள்கிறேன்" என்பார். ஒருவரிடம் உதிரி ஃபெண்டரைக் கயிற்றோடு கொடுத்து, தேவைப்படும் இடத்தில் இறக்கச் சொல்வது அவர் முறை. நான் பயிற்றுவித்தவர்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன்.

துறையைப் பராமரிப்பவர்கள் மீது எனக்கு நீண்டகாலக் குறை ஒன்று உண்டு. சுவரில் துருத்தும் போல்ட்டை வெட்டி எடுக்க அரைமணி நேர வேலை போதும். அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்று, வந்துபோகும் படகுகளையெல்லாம் கீறிக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். எந்தத் தூணில் எந்த உயரத்தில் போல்ட் இருக்கிறது, எந்த நீர்மட்டத்தில் குறுக்குவிட்டம் எட்டும், பலகை எந்தப் பக்கம் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பணி மாறும்போது அடுத்த ஓட்டியிடம் சாவியோடு அந்தப் பதிவேட்டையும் கொடுப்போம். அவர் புதிதாகக் கண்டதை அதிலேயே எழுதிச் சேர்ப்பார்.