மழைக்காலத்துக்கு முன் ஸ்பீக்கர் கேபிள்
கேபிளுக்கு ஆம்ப்ளிஃபயர் விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மியான்மரின் யாங்கோன் நகரில், தெய்ஞ்சி சந்தைப் பக்கம் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வாங்கினேன். பல இழை உள்ளது, சிவப்பும் கறுப்பும்.

"மோட்டாருக்கா மாமா?" என்றான் கடைத் தம்பி.

"பாட்டுக் கேட்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வாங்கும் முன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், மின்தடை கூடுதல்.

நல்ல செம்பு இந்தத் தடிமனில் மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம். ஸ்பீக்கர் 4 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 8 மீட்டர், 0.064 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளிக் கேபிளெல்லாம் காதுக்கு அல்ல, கண்ணுக்குத்தான் என்பேன்.

இரண்டு கம்பியையும் டிரில்லில் மாட்டி முறுக்கினேன். இண்டக்டன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்தைக் கம்பி எதிர்க்கும் குணம், குறையும். பாதியில் கரன்ட் போனது, மிச்சம் கையால்தான்.

இங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. ஈரக்காற்றில் வெறும் செம்பு கறுத்துவிடும். அதனால் நுனிகளை 4 மில்லிமீட்டர் பனானா பிளக்கில் (செருகும் உலோக முனை) ஈயப்பற்று வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன்.

அப்புறம், இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறினால் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயரில் செருகும் முன், அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், பிளஸ் சிவப்பில். இரண்டு ஊஃபரும் (பேஸ் தரும் பெரிய கூம்பு) முன்னால் அசைந்தால் சரி.