ரவை அளவு மஞ்சள்: ஸ்மிர்னைட்டைத் தேடிய ஆறு மாதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பிடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை. பகல் முழுக்க லாரி எடை, குலைக் கணக்கு. சாப்பாடு முடிந்து இரவு ஒன்பதுக்கு மேல்தான் கல்லும் லென்ஸும். பிஸ்மத் உலோகத்தில் தொடங்கி ஸ்மிர்னைட் என்ற கனிமத்தில் வந்து நின்ற தேடலின் குறிப்பு இது. பேராக்கில் பிறந்தவனுக்குக் கல் ஆசை வருவது பெரிய விஷயமில்லை. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் எடுத்த காலத்தில் ஆற்று மணலை டூலாங் என்ற மரத் தட்டில் அலசுவதைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். பாரமானது அடியில் தங்கும், லேசானது தண்ணீரோடு போகும். கல்லைக் கையில் தூக்கிப் பார்த்துப் பழகு என்பதுதான் நான் கற்ற முதல் பாடம்.

மார்ச்

ஒரு கிலோ பிஸ்மத் வாங்கினேன். சின்னப் பொட்டலம்தான், ஆனால் கையில் வாங்கியதும் மணிக்கட்டு இறங்கியது. உண்மையில் பிஸ்மத்தா, இல்லை ஈயம் கலந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு துண்டை உடைத்து எடை போட்டேன்: 48.9 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டபோது 5 கிராம் குறைந்தது. 48.9ஐ 5ஆல் வகுத்தால் 9.78. புத்தகத்தில் பிஸ்மத்துக்குப் போட்டிருக்கும் அடர்த்தியும் ஏறக்குறைய அதேதான். ஈயமாக இருந்தால் 11.3 வந்திருக்கும். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரல்

படிகம் வளர்க்கும் வேலை. பிஸ்மத் 271 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வீட்டுக் கேஸ் அடுப்பே போதும். சமையலுக்கு இனி எடுக்கவே கூடாது என்று முடிவு செய்து ஒரு எவர்சில்வர் சட்டியை ஒதுக்கினேன். பின்கட்டில், காற்றோட்டமாக, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்தேன்.

உருகியதும் மேலே ஒரு ஆடை படியும், பால் ஆடை மாதிரி. அதைக் கரண்டியால் ஒதுக்கினால் அடியில் பாதரசம் போலப் பளிச்சென்று இருக்கும். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓரம் உறைந்து நடு இன்னும் திரவமாக இருக்கும் நேரத்தில் மிச்சத்தை ஊற்றிவிட்டால், சட்டியில் படிகம் நிற்கும். முதல் தடவை அவசரப்பட்டு ஊற்றினேன், எல்லாமே போய்விட்டது. இரண்டாம் தடவை தாமதம், மொத்தமும் ஒரே கட்டி. மூன்றாம் தடவை சட்டியைச் சூடான மணலுக்குள் புதைத்து மெதுவாக ஆற விட்டேன். மேற்பரப்பு லேசாக நடுங்குவது நின்றதும் ஊற்றினேன்.

சட்டிக்குள் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி, சதுரத்துக்குள் சதுரமாக இறங்கும் படிகங்கள். ஊற்றிய கணத்தில் வெள்ளி நிறம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன் நிறம் ஏறியது, அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். சாயம் எதுவும் கிடையாது. சூடான உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலம் போடுகிறது. அந்தப் படலத்தின் கனத்துக்கு ஏற்ப ஒளி பிரிந்து நிறம் மாறுகிறது. ஓரத்தில் ஓர் இடம் மட்டும் பொன் நிறத்திலேயே நின்றுவிட்டது, அது சீக்கிரம் ஆறிய இடம்.

மே

வீட்டில் குளிர்நீர் டிஸ்பென்சர் பழுதாகிவிட்டது. அக்கா மகன் அதைப் பிரித்துப் போட்டு, உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தகட்டை எடுத்து வந்தான். "மாமா, கம்ப்ரசரே இல்லை. இதுதான் தண்ணியைக் குளிராக்குமாம்."

அது பெல்டியர் தகடு. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். பீங்கானை மெதுவாகப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே வரிசை வரிசையாக, அரிசியில் பாதி அளவில், சாம்பல் நிறக் கட்டைகள். லென்ஸில் வைத்தால் ஒரு பக்கம் கண்ணாடி போல மின்னியது. ஊசி முனையால் தொட்டதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. அந்தக் கட்டைகளின் முக்கியப் பொருள் பிஸ்மத் டெல்லூரைடு. பிஸ்மத்தும் டெல்லூரியம் என்ற தனிமமும் சேர்ந்தது, 2 பிஸ்மத் அணுவுக்கு 3 டெல்லூரியம் அணு. இதே சேர்மம் பூமிக்குள் தானாகவே விளைகிறது, அதற்குப் பெயர் டெல்லூரோபிஸ்மதைட். அதன் பங்காளி டெட்ராடைமைட்டில் கொஞ்சம் கந்தகமும் உண்டு. இரண்டும் நகத்தால் கீறும் அளவுக்கு மென்மையானவை. தங்கம் இருக்கும் பாறைகளில் அடிக்கடி தென்படும்.

பையன் உடனே கேட்டான்: "டெல்லூரியமும் வாங்கி, நம்ம பிஸ்மத்தோட சேர்த்து உருக்கலாமா மாமா?" கூடவே கூடாது என்றேன். டெல்லூரியம் நச்சு. கொஞ்சம் உடம்புக்குள் போனாலே, உடம்பு அதை ஆவியாகும் ஒரு சேர்மமாக மாற்றி மூச்சு வழியாக வெளியேற்றும். அந்த மூச்சில் பூண்டு வாடை அடிக்கும், நாள்கணக்கில் போகாது. பிரித்த தகட்டையும் பையில் போட்டு மூடி, இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். ஒரே ஒரு கட்டையை மட்டும் ஒரு குப்பியில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எழுந்த கேள்விதான் இந்தக் குறிப்புக்கே காரணம். பிஸ்மத் காற்றுப் பட்டதும் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். இந்த பிஸ்மத் டெல்லூரைடு, மலையில், மழையும் காற்றும் பட்டு ஆயிரமாயிரம் வருஷம் கிடந்தால் என்ன ஆகும்?

ஜூன்

தேடிப் படித்ததில் ஸ்மிர்னைட் என்ற பெயர் கிடைத்தது. ஆர்மீனியாவில், செவான் ஏரிக்குக் கிழக்கே, சோட் தங்கச் சுரங்கத்தில் கிடைத்த கனிமம், 1984இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. தாதுப் படிவுகளை ஆராய்ந்த சோவியத் நிலவியலாளர் விளாதிமிர் ஸ்மிர்னோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கத் தாதுவில் தங்கமும் டெல்லூரியமும் பிஸ்மத்தும் சேர்ந்தே இருக்கின்றன. மலையின் மேல் பகுதியில், விரிசல் வழியாக நீரும் ஆக்சிஜனும் இறங்கும் இடத்தில், டெல்லூரைடு சிதைகிறது. அந்தச் சிதைவில் விளைவதுதான் ஸ்மிர்னைட். பிஸ்மத் அணு 2, டெல்லூரியம் 1, ஆக்சிஜன் 5.

கணக்கு என் தொழில். அணு எடைகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். எடையில் பிஸ்மத் மட்டும் 66.8 விழுக்காடு, டெல்லூரியம் 20.4, மிச்சம் ஆக்சிஜன். மூன்றில் இரண்டு பங்கு பிஸ்மத்! இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒன்று செகோவிசைட், அதுவும் சோட் சுரங்கத்திலும் கசக்ஸ்தானிலும் கிடைத்ததுதான், அதில் டெல்லூரியம் ஆக்சைடின் பங்கு கூடுதல். இன்னொன்று பெய்ஜிங் பக்கத்துப் பிங்கு வட்டாரத்தின் பெயர் கொண்ட பிங்குவைட், அதில் பிஸ்மத் ஆக்சைடு இன்னும் கூடுதல். அரிசியும் உளுந்தும் அளவு மாறினால் இட்லியாகவும் தோசையாகவும் ஆவது போல, இரண்டே ஆக்சைடுகள் விகிதம் மாறி மூன்று கனிமமாகின்றன.

இங்கே ஒரு சின்ன வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. டெல்லூரைட்டு வேறு, டெல்லூரேட்டு வேறு. இரண்டிலும் டெல்லூரியத்தோடு ஆக்சிஜன் உண்டு, மே மாதம் பார்த்த டெல்லூரைடில் ஆக்சிஜன் கிடையாது. டெல்லூரியம் நான்கு எலக்ட்ரானை இழந்த நிலையில் இருந்தால் டெல்லூரைட்டு, ஆறை இழந்துவிட்டால் டெல்லூரேட்டு. ஸ்மிர்னைட் முதல் வகை. நான்கை இழந்த டெல்லூரியத்திடம் யாரோடும் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் மிச்சம் இருக்கும். அது ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்வதால், ஆக்சிஜன்கள் எல்லாம் மறுபக்கம் ஒதுங்கி நிற்கும். பிஸ்மத்திடமும் அப்படி ஒரு ஜோடி உண்டு. ஒருச்சாய்ந்த இரண்டு அணுக்கள் சேர்ந்து கட்டிய படிகமும் ஒருச்சாய்ந்தே அமைகிறது. அந்தச் சாய்வுதான் அதற்கு ஒளியை மாற்றும் குணத்தைத் தருகிறது. ஹங்கேரியில், புடாபெஸ்டில், இதே சேர்மத்தை உலையில் உருக்கிப் பெரிய படிகமாக இழுத்து, ஹோலோகிராம் பதியும் சோதனைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மலையில் மாவு போலக் கிடக்கும் ஒன்று ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி போல நிற்கிறது என்பதை நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

ஆறை இழந்த நிலைக்கு உதாரணம் மொன்டனைட். அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்தது, 1868இல் பெயர் வைத்தார்கள். பிஸ்மத், டெல்லூரியம், கூடவே நீர். டெல்லூரைடு சிதையும் இடத்தில் அதுவும் மஞ்சள் பொருக்காகத்தான் இருக்கும்.

ஜூலை

ஐரோப்பாவிலிருந்து ஒரு வியாபாரி ஸ்மிர்னைட் என்று பெயர் போட்டு ஒரு துணுக்கு விற்றார். விலை 140 வெள்ளி (ரிங்கிட்). பெட்டி தீப்பெட்டியில் பாதி. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைக் குவார்ட்சு. கணினியோடு இணைக்கும் சின்ன நுண்ணோக்கியில் வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன்.

குவார்ட்சின் பள்ளத்தில் ஈயச் சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. விளக்கைச் சாய்த்தால் மின்னுகிறது, ஓரம் ஏடு ஏடாக எழும்பி இருக்கிறது. டிஸ்பென்சர் கட்டையில் பார்த்த அதே ஏடு! அந்தத் தகட்டின் ஓரத்தைச் சுற்றி, தகட்டைத் தின்றுகொண்டே வந்தது போல, வெளிர் மஞ்சள் விளிம்பு. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி ரவை அளவில் ஒரு மஞ்சள் மணி, மேலே எண்ணெய் தடவியது போன்ற மினுக்கு. மே மாதம் கேட்ட கேள்விக்குப் பதில் கண்ணெதிரே கிடந்தது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாம்பல் கல்லை மஞ்சள் கல்லு சாப்பிடுது மாமா" என்றான். நானும் அதையேதான் என் நோட்டில் எழுதினேன்.

ஆகஸ்ட்

சந்தோஷம் ஆறியதும் கிராணிப் புத்தி வேலை செய்தது. இது ஸ்மிர்னைட்தான் என்று யார் சொன்னது? மொன்டனைட் மஞ்சள். பிஸ்மத் ஆக்சைடான பிஸ்மைட் மஞ்சள். பிஸ்மத் கார்பனேட்டான பிஸ்முடைட்டும் மஞ்சள். ரவை அளவில் நான்குமே என் நுண்ணோக்கிக்கு ஒன்றுதான். அமிலம் ஒரு சொட்டு விட்டால் பிஸ்முடைட் நுரைக்கும், ஆனால் இருப்பதே ஒரு மணி. அதைக் கரைத்து அதன் பெயரைத் தெரிந்துகொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. எடை போடலாம் என்றால் என் தராசின் கடைசி இலக்கம்கூட அதற்கு அசையவில்லை. எக்ஸ்கதிர்ச் சோதனையோ எலக்ட்ரான் கற்றை வைத்துச் செய்யும் தனிமப் பகுப்பாய்வோதான் தீர்ப்புச் சொல்ல முடியும். சோதனை அறிக்கை இருக்கிறதா என்று வியாபாரிக்கு எழுதினேன். பழைய சேகரிப்பு ஒன்றின் சீட்டில் அப்படிப் போட்டிருந்தது, அறிக்கை எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் எடை போடாத லாரிக்கு நான் சீட்டு எழுதுவதில்லை. சீட்டை மாற்றினேன். பென்சிலில்: "டெல்லூரைடு தகடு, ஓரத்தில் சிதைந்த மஞ்சள் விளிம்பு. பிஸ்மத் கனிமம். ஸ்மிர்னைட் என்பது பழைய சீட்டின் கூற்று, சோதிக்கப்படவில்லை." வியாபாரியின் சீட்டையும் தூக்கிப் போடவில்லை, மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பையும் உள்ளே போட்டாயிற்று.

குப்பியில் வைத்த டிஸ்பென்சர் கட்டை? அதில் மே மாதக் கடைசியிலேயே ஒரு ஸ்பூன் மழைத்தண்ணீர் ஊற்றி, தளர்வாக மூடி, பின்கட்டு ஜன்னலில் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் குப்பியோடு நுண்ணோக்கியில் பார்க்கிறேன். கண்ணாடிப் பளபளப்பு ஒரு மூலையில் மங்கியிருக்கிறது, மூச்சுப் பட்ட கண்ணாடி போல. மஞ்சள் இன்னும் வரவில்லை. தண்ணீர் வற்றிப் பாதியாகியிருந்தது, நேற்றைய மழையில் பிடித்து நிரப்பி வைத்திருக்கிறேன்.