அச்சிட்டவர் முகவரி

கிளிநொச்சியில் நான் பக்கம் வடிவமைக்கும் அச்சகத்துக்கு வருவதெல்லாம் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறுநூல்), பாடசாலை மலர். யாராவது ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் சண்டை வரும், அவ்வளவுதான்.

பிறகு பெடியள் சிலர் ஒரு நையாண்டி இதழ் அடிக்க வந்தார்கள். முதல் பக்கத்தில், இரணைமடுக் குளத்தின் துருசில், அதாவது மதகில், ஏறியிருந்து சிறுபோகத் தண்ணீரைத் தன் வயலுக்கே திருப்பும் ஒரு மனிதர். பெயர் போடவில்லை. மீசையே போதும், ஊருக்குத் தெரியும்.

இதழ் வந்த மறுநாள் அந்த மீசை நேரே எங்களிடம்தான் வந்தது. அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் தாளில் இருக்கவேண்டும் என்பது சட்டம். கோபத்துக்கும் அது வழி காட்டிவிடுகிறது. "நாங்கள் அடிச்சுக் குடுக்கிறது மட்டும்தான் ஐயா" என்றார் முதலாளி. "அப்ப மை ஆற்றை?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்விதான்.

பெடியளுக்கு பிரான்சின் நையாண்டி இதழான சார்லி ஹெப்டோ என்றால் 2015 ஜனவரியில் 12 பேர் கொல்லப்பட்ட செய்தி மட்டுமே. அது பிறந்த கதை வேறு. 1970 நவம்பரில் பிரான்சில் நடன விடுதி ஒன்று எரிந்து 146 பேர் இறந்தார்கள். சில நாளில் முன்னாள் ஜனாதிபதி டி கோல் கொலம்பே கிராமத்தில் இறந்தார். 'கொலம்பே நடனத்தில் துயரம், ஒருவர் பலி' என்று ஹராகிரி என்ற இதழ் தலைப்புப் போட்டது. அரசு தடுத்தது. அதே ஆட்கள் உடனே பெயரை மாற்றித் தொடங்கியதுதான் சார்லி. அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் 2016இல் அவர்கள், கடற்கரையில் பிணமாக ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் வளர்ந்திருந்தால் பெண்களைத் துரத்தியிருப்பான் என்று கீறினார்கள். குறி ஐரோப்பாவின் வெறுப்புத்தான், குழந்தையல்ல என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். பிள்ளைகளைப் பறிகொடுத்த வன்னியில் இருந்து பார்க்கும்போது அந்த விளக்கம் என் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அதே விளக்கம் எங்கள் மேசைக்கும் வந்தது. 2017இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்துக்குப் படம் எடுக்கவே வரும் அரசியல்வாதிகளைப் பகிடி பண்ணி அடுத்த இதழுக்குப் பெடியள் கீறியிருந்தார்கள். நடுவில் அழுகிற ஒரு தாயின் முகம்.

"அம்மாவை எடுங்கோ தம்பி."

"அம்மாவையா அண்ணை நக்கலடிக்கிறம்? அவையளைத்தானே!"

"சிரிக்கிறவன் கண் முதலில் போறது அம்மாவிலை."

அரை மணித்தியாலம் வாதாடினார்கள். கடைசியில் அரசியல்வாதி, அவருடைய போன், வெயிலில் குடை பிடிக்கும் சாரதி மட்டும் மிஞ்சினார்கள். சிரிப்பும் கூடித்தான் போனது.

முதலாளி படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. முழுக் காசையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.