கடல்பாசி ஊற்றிப் பழகிய ஜெல் பெட்டி

டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் பெட்டி எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒன்றே ஒன்றுதான். போன வருடம் பார்த்தால் தொட்டியின் மூலைகளில் நூல் நூலாக விரிசல், அடியில் கசிவு. யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். அக்ரிலிக்குக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஆகவே ஆகாது. புதுசு கேட்டு எழுதி, கையெழுத்தாகி வருவதற்குள் பிள்ளைகளின் புராஜெக்ட் முடிந்துவிடும். "பெட்டிதானே, நாமே செய்யலாம்" என்று வாயை விட்டேன். ஆய்வக உதவியாளரான என் தலையிலேயே வந்து விழுந்தது.

காகிதத்தில் வரைந்தபோது ரொம்ப எளிதாகத் தெரிந்தது. டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுக்கு எதிர் மின்னூட்டம். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் ஜெல்லுக்குள் விட்டு மின்சாரம் கொடுத்தால் நேர்மின் முனையைப் பார்த்து நகரும். சின்னத் துண்டு முன்னால் போகும், பெரியது பின்தங்கும். ஆக வேண்டியது ஒரு தொட்டி, ஒரு தட்டு, குழி விழச் செய்யும் சீப்பு, இரண்டு கம்பி, ஒரு மூடி.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பெயர்ப்பலகை வெட்டும் கடைக்காரக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) 5 மி.மீ. அக்ரிலிக்கை லேசரில் வெட்டித் தந்தார். தட்டு உள்ளளவு 10 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். 5 மி.மீ. கனத்துக்கு ஜெல் ஊற்ற 35 மில்லி போதும். ஒரு சதவீத ஜெல் என்றால் 0.35 கிராம் அகரோஸ். கம்பிக்குக் கம்பி 15 செ.மீ. இந்த அளவைச் சும்மா வைக்கவில்லை. சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்பது பழகிய கணக்கு, அப்படியானால் 75 வோல்ட். இடைவெளியைக் கூட்டினால் வோல்ட்டையும் கூட்ட வேண்டும்.

ஒட்டுவதில்தான் முதல் அடி. உடனே ஒட்டும் பசையைப் போட்டேன். ஓரமெல்லாம் வெளுத்துப்போய், தண்ணீர் ஊற்றிய அரை மணியில் மேசை நனைந்தது. குளோரோஃபார்ம்தான் சரி. அது அக்ரிலிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் லேசர் வெட்டிய விளிம்பு சமமாக உட்காராது. உப்புத்தாளில் தேய்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஊசியால் ஒரு சொட்டு விட்டால் இடுக்கு முழுக்கத் தானாக ஓடிவிடுகிறது. வராந்தாவில் காற்றாட உட்கார்ந்து செய்தேன். மூடிய அறையில் செய்யவே கூடாது.

அப்புறம் சீப்பு. எட்டுப் பல், ஒவ்வொன்றும் 5 மி.மீ. அகலம். பல்லின் நுனி தட்டின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் குழிக்கு அடி இருக்காது, குழியில் விட்ட டி.என்.ஏ. ஜெல்லுக்குக் கீழே போய்விடும். அதைச் சோதித்துப் பார்க்க அகரோஸை வீணாக்க மனசு வரவில்லை. கீழக்கரையில் எங்கள் வீட்டில் நோன்பு நேரம். உம்மா கடல்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தார். பாலும் ரோஸ் எசன்சும் சேர்க்கும் முன்பே ஒரு கரண்டி வாங்கித் தட்டில் ஊற்றிச் சீப்பைச் செருகினேன். இறுகியதும் எடுத்தால் எட்டில் மூன்று குழி ஓட்டை. "சாப்பிடுற பொருள வச்சு விளையாடுறியே" என்று உம்மா சத்தம் போட்டார். நாலாவது கரண்டியில், பல்லுக்கு அடியில் சரியாக 1 மி.மீ. விட்டபோதுதான் எட்டும் தேறின.

உம்மாவின் கடல்பாசியும் என் அகரோஸும் ஒரே குடும்பம்தான். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் முங்கி எடுத்து வருகிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி மாதிரி சிவப்புப் பாசிகளிலிருந்து வருவது அகர். அதில் மின்னூட்டம் உள்ள பகுதியைக் கழித்துவிட்டுச் சுத்தமாக எடுத்தால் அகரோஸ். பாசியாக இருக்கும்போது ஒரு விலை, பொடியாகிப் பாட்டிலில் ஏறினால் வேறு விலை. அளந்து போடும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும்.

கம்பிக்கு வருவோம். நேர்மின் முனையில் ஆக்சிஜன் கிளம்பும், சாதாரணக் கம்பி அங்கே அரித்துப்போகும். அதனால் பிளாட்டினம். பழைய பெட்டியிலிருந்து பிரித்தபோது மடிப்பில் உடைந்து, ஒரு பக்கத்துக்கு மட்டுமே தேறியது. அதை நேர்மின் முனைக்கு வைத்தேன். எதிர்முனையில் ஹைட்ரஜன்தான் வரும், எவர்சில்வர் கம்பியே தாங்கும்.

இணைப்பை மூடியில்தான் வைத்தேன். மூடியைத் தூக்கினாலே மின்சாரம் அறுந்துவிட வேண்டும். ஈரக் கையோடு பிள்ளைகள் நிற்கிற இடம், இதில் மட்டும் சமரசம் கிடையாது. வாயு போக மூடியில் நாலு துளை.

முதல் ஓட்டம் ஐந்து 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோத்து, 45 வோல்ட்டில். டி.என்.ஏ.வுக்குப் பதில், கேசரிப் பவுடரில் சர்க்கரைப் பாகு கலந்து குழியில் விட்டேன். பாகு கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். கம்பியோரம் குமிழ் கிளம்பியது. சந்தோஷமாக டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நிறம் பின்பக்கமாக நகர்ந்து, ஜெல்லை விட்டே வெளியேறிக்கொண்டிருக்கிறது. சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன்!

அதைச் சரிசெய்து, பேட்டரிக்குப் பதில் பவர்பேக் என்ற மின்வழங்கியில் மாட்டிய அன்று இன்னொரு கூத்து. ஜெல்லை மூழ்கடித்து மின்சாரம் கடத்தும் டி.ஏ.இ. கரைசல் 50 மடங்கு அடர்த்தியாக இருக்கும்; அதை ஒரு மாணவர் போர் தண்ணீரில் கலக்கிவிட்டார். எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? உப்பு. மின்னோட்டம் எகிறி, மூடியில் ஆவி படிந்து, அரை மணியில் ஜெல் ஓரம் குழைந்துவிட்டது. எவர்சில்வரை நேர்மின் பக்கம் போட்டிருந்தால் அன்றே துருவாகியிருக்கும். இப்போது காய்ச்சி வடித்த நீர் கேனில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் 75 வோல்ட், ஒரு மணி நேரம். நீல எல்.இ.டி. விளக்கை அடித்து ஆரஞ்சு அக்ரிலிக் வழியாகப் பார்த்தோம். லேடர், அதாவது அளவு தெரிந்த டி.என்.ஏ. துண்டுகளின் கலவை, படிப்படியாகப் பிரிந்து நின்றது. பட்டைகள் கொஞ்சம் தடிப்பு. சீப்பு 2 மி.மீ. கனம், அதனால்தான். கடற்காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூக்கின்றன. வாரம் ஒருமுறை உப்புத்தாளில் தேய்க்கிறேன்.

இரண்டாவது பெட்டிக்கு வெட்டக் கொடுத்தாயிற்று. சீப்பு 1.5 மி.மீ., பத்துப் பல். "மூடியில பேரு ஏதும் வெட்டணுமா தங்கச்சி?" என்று காக்கா கேட்டார். ஒரு ஓரத்தில் 'கறுப்பு', மறு ஓரத்தில் 'சிவப்பு' என்று வெட்டச் சொன்னேன்.