ஜென்னே: ஆண்டுதோறும் பூசப்படும் மண் பள்ளிவாசல்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் கிப்லா, அதாவது தொழும் திசை, கிழக்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. மேற்கு நோக்கியே தொழுது பழகிய நமக்கு முதலில் திசை தடுமாறும். அந்நாட்டின் ஜென்னே ஊரில் அந்தக் கவலை இல்லை. சந்தைத் திடலில் நின்றாலே மூன்று மினாராக்களோடு கிப்லாச் சுவர் எதிரே தெரியும். முகப்பு போலத் தோன்றினாலும் அதில் வாசல் கிடையாது. தலைவாசல் வடக்குப் பக்கம். பானி ஆற்று வெள்ளம் ஏறாதிருக்கச் சுமார் 3 மீட்டர் உயர மேடைமேல் பள்ளியைக் கட்டியிருக்கிறார்கள். ஏறிச் செல்ல ஆறு இடங்களில் படிகள் உண்டு. 1996 முதல் முஸ்லிம்களுக்கு மட்டுமே உள்ளே அனுமதி.

உள்ளே மண் தரை, அதன்மேல் பாய். கூரையைத் தாங்கும் 90 பருத்த தூண்கள் ஸஃபுகளை மறைப்பதால் இமாமைப் பார்க்க முடியாது. தக்பீர் ஒலியைக் காதில் வாங்கியே தொழ வேண்டும். கூரைத் துளைகளை மண்சட்டி மூடிகளால் மூடியிருப்பார்கள். அவற்றைத் திறந்தால் சூடான காற்று மேலே போய்விடும்.

அங்கே நான்கு சட்டவழிகளில் ஒன்றான மாலிகி மத்ஹபு. பலர் தக்பீர் கட்டாமல் கைகளைத் தொங்கவிட்டே நிற்பார்கள். பர்ளுத் தொழுகையில் இமாம் பிஸ்மியைச் சத்தமிட்டு ஓதமாட்டார். ஒரே ஸலாமோடு தொழுகை முடிவதும் உண்டு. வர்ஷ் ஓதல்முறைப்படி பாத்திஹாவில் ‘மாலிகி’ என்பதை ‘மலிகி’ என்று குறுக்கி ஓதுவதைக் கேட்டுத் தவறென்று எண்ண வேண்டாம். வடமேற்கு ஆப்பிரிக்காவான மக்ரிபிலிருந்து சஹாரா தாண்டி வணிகக் கூட்டங்களோடு தீன் வந்த வழியே இந்தத் தொழுகையில் தெரிகிறது.

அந்த மண்ணில் இஸ்லாம் பெரும்பாலும் படையெடுத்து வரவில்லை. உப்பும் தங்கமும் கைமாறிய சந்தைகளில் வங்காரா வணிகர்களும் ஆலிம்களும் கொண்டு சேர்த்தார்கள். பழைய கானா பேரரசின் (இன்றைய கானா நாடு அல்ல) தலைநகரில் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியில் 12 பள்ளிவாசல்கள் இருந்ததாக 1068இல் புவியியலாளர் அல்-பக்ரி எழுதினார். அரசர் பழைய வழிபாட்டில் இருந்தபோதே அவருடைய அமைச்சர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மதுரை வரை வந்துபோன அதே பயணி இப்னு பதூதா 1352இல் மாலிக்குப் போனார். வெள்ளிக்கிழமை சீக்கிரம் போகாவிட்டால் பள்ளியில் இடம் கிடைக்காது, அதனால் முன்கூட்டியே ஆளிடம் பாய் கொடுத்து அனுப்பி இடம் பிடிக்கிறார்கள் என்று மெச்சி எழுதினார்.

ஜென்னே மன்னர் கோய் கொன்போரோ இஸ்லாத்தைத் தழுவியபோது ஆலிம்களைக் கூட்டி மூன்று துஆக்கள் கேட்கச் சொன்னதாக 17ஆம் நூற்றாண்டில் திம்புக்து நகர வரலாற்றாசிரியர் அஸ்-ஸஅதி எழுதி வைத்தார். வறுமையால் ஊரைவிட்டு இங்கு வருபவருக்குச் சொந்த ஊரே மறக்கும்படி செல்வம் கிடைக்க வேண்டும். உள்ளூராரைவிட வந்தவர்கள் அதிகம் இருக்க வேண்டும். விற்க வரும் வணிகர் பொறுமையிழந்து மலிவாக விற்றுவிட்டுப் போக வேண்டும். இந்த மூன்றாவது துஆ ஒன்றே போதும், சந்தையும் ஸஜ்தாவும் அங்கே எப்படிப் பின்னிக் கிடந்தன என்று சொல்ல. பிறகு அரண்மனையை இடித்துப் பள்ளி கட்டினார். இப்போது நிற்பது 1907இல் கொத்தனார் தலைவர் இஸ்மாயிலா திராவோரே மேற்பார்வையில் எழுந்த கட்டடம்.

மழைக்காலத்துக்கு முன், பெரும்பாலும் ஏப்ரலில், மறுபூச்சு நடக்கும். வண்டல் மண்ணோடு உமியும் தண்ணீரும் சேர்த்து மிதித்துப் பல நாள் புளிக்க விடுவார்கள். சரியாகப் புளிக்காத மண் காய்ந்ததும் வெடிக்கும். விரிசலில் மழை இறங்கினால் பூச்சு பாளமாகப் பெயரும். பெண்கள் தண்ணீர் சுமக்க, வாலிபர்கள் கூடைகளில் மண்ணோடு ஓடிவருவார்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள்தாம் சாரம். நம் பனையின் இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பனையில் செய்தவை. கொத்தனார்கள் அவற்றில் ஏறி நின்று கையாலேயே பூசுவார்கள். கூரைத் தண்ணீரைச் சுவரில் படாமல் தள்ளி ஊற்றச் சுட்டமண் தூம்புகள் உண்டு. அவை அடைத்தால் ஆபத்து. ஆண்டுக்காண்டு பூச்சு தடித்தால் அந்தப் பாரமும் சுவருக்குக் கேடு. 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டி, தெற்கு மினாராவின் மேல்பகுதி சரிந்தது. மறுபடி கட்டினார்கள். ஊரே கூடிச் செய்யும் இந்தப் பூச்சை இபாதத்தாகவே கொள்ளத் தோன்றுகிறது.

வடக்கே திம்புக்துவில், ஹஜ்ஜிலிருந்து திரும்பிய மாலிப் பேரரசர் மன்ஸா மூஸா 1327இல் எழுப்பிய ஜிங்கரேபர் பள்ளி இருக்கிறது. 2012இல் அவ்வூர் வலிமார்களின் 14 அடக்கத்தலங்களை ஆயுதக் குழுவினர் இடித்தார்கள். 2015க்குள் உள்ளூர்க் கொத்தனார்கள் அவற்றைத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

2012 முதல் மாலியில் பாதுகாப்பு சீராக இல்லை. பல அரசுகள் போகவேண்டாம் என்றே எச்சரிக்கின்றன. அதைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். நிலைமை தேறிப் போகிறவர்கள், புறப்பட 10 நாளுக்கு முன்பாவது மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாலிக்குள் நுழையவும் அது வேண்டும், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள்.