பிசிறு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெட்டியில் சாக்லேட், சேலை இதுகளுக்கு நடுவில் ஒரு அலுமினியத் தகடும் வைத்துக்கொண்டு போனேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, 1.6 மில்லிமீட்டர் கனம், கீறல் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் நீல பிளாஸ்டிக் ஒட்டியது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் கொலுசுப் பட்டறை. போய்ச் சேர்ந்த அன்று சாயந்திரமே அதை எடுத்து அவர் பலகை மேல் வைத்தேன். கையில் தூக்கிப் பார்த்தவர், "என்ன கண்ணு, காத்தாட்டம் இருக்குது" என்றார். வெள்ளி தூக்கிப் பழகிய கை அது. அதே அளவு வெள்ளி ஏறக்குறைய நாலு மடங்கு கனக்கும்.

"ஏரோப்ளேன் தகடுப்பா. இதுல நீளச்சதுரமா ஒரு ஓட்டை வெட்டணும், சொல்லிக் குடுங்க" என்றேன்.

அமெரிக்கா போனவள் ஏரோப்ளேன் தகட்டோடு வந்து நிற்பது எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். அதை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2017 நவம்பரில் ஓரிகன் மாநிலத்துக்கு வந்தேன். வில்சன்வில் என்ற சின்ன ஊர். வீட்டுக்காரருக்கு வேலை, எனக்கு எச்-4 விசா, அதாவது கூட வருகிற மனைவிக்கான விசா. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டம் தாண்டியிருந்தால்தான் மனைவிக்கு வேலை அனுமதி, 2015இல் வந்த விதி அது. நாங்கள் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. நவம்பர் என்றால் அங்கே மழைக்காலம். நம் ஊர் மாதிரி இடித்துக் கொட்டிவிட்டு நிற்கிற மழை இல்லை, நாள் முழுக்கப் பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டே இருக்கும், நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஐந்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் பச்சைப் பலகையில் 'சேலம்' என்று எழுதியிருக்கும். ஓரிகனின் தலைநகர் பெயர் அதுதான், வீட்டிலிருந்து அரை மணி நேரம். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது காரிலேயே அழுதுவிட்டேன். சேலத்துக்குப் போகிற ரோடு, ஆனால் என் சேலத்துக்கு இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், ரிடயர் ஆன லாரி மெக்கானிக். அவர் கார் ஷெட்டில் கார் இல்லை, ஒரு விமானத்தின் வால் இருந்தது. ஆர்வி-7 என்று இரண்டு பேர் அருகருகே உட்கார்கிற விமானம். அதன் பாகங்களைக் கட்டாக விற்கிற கம்பெனி எங்களுக்கு அடுத்த ஊரான அரோராவில்தான் இருக்கிறது. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்பவர் 1973இல் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் விமானங்களில் வீட்டில் உட்கார்ந்து கட்டி முடித்துப் பறந்தவை உலகம் முழுக்க 11,000க்கும் மேல். அமெரிக்கச் சட்டப்படி இப்படிக் கட்டுகிறவர்கள் பாதிக்கு மேலான வேலையைத் தாங்களாகவே, பொழுதுபோக்குக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ செய்திருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்த வேலை அந்தக் கணக்கில் சேராது. எனக்கும் கூலி வாங்கிச் செய்ய அனுமதி இல்லை. இரண்டும் பொருந்திப் போயிற்று.

முதலில் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மேஜையில் ஒரு தகடு வெட்டிக் கிடந்தது, நான் பேசிக்கொண்டே அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். யோசித்துச் செய்ததில்லை, சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். கொலுசில் ஒரு பிசிறு நின்றால் சேலையை இழுக்கும், குழந்தை காலைக் கீறும். அதனால் அப்பா ஒவ்வொரு கொலுசையும் எங்கள் நகத்தில் ஓட்டவிட்டுத்தான் கடைக்கு அனுப்புவார். தகட்டில் ஓரிடத்தில் நகம் தட்டியது. "இங்கே பிசிறு இருக்கிறது" என்று காட்டினேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஒரு அரத்தை என் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளெக்கோ என்ற ஸ்பிரிங் பிடிப்பான்களை மாட்டுவேன். வெள்ளி நிறம் சின்னத் துளைக்கு, செம்பு நிறம் அதைவிடப் பெரிசுக்கு. தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி அடிக்கும்போது பின்னால் இரும்புக் கட்டையை அண்டக்கொடுப்பேன். என் இங்கிலீஷ் அந்த ஷெட்டில்தான் திருந்தியது.

சரி, ஓட்டை விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான தகடுகள் துளை போட்டே வரும், ஆனால் கருவிகள் உட்காருகிற முன்பலகை மொட்டைத் தகடாக வரும். எந்தக் கருவி எங்கே என்பது கட்டுகிறவர் இஷ்டம், வெட்டுவதும் அவர் பொறுப்பு. வேகம் காட்டுகிற மாதிரியான வட்டக் கருவிகளுக்கு மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, சரியாகச் சொன்னால் 79.4 மில்லிமீட்டர் வட்டம். துளையிடும் மெஷினில் ஒற்றைக் கை மாதிரி சுற்றுகிற வெட்டுக்கத்தியைப் பூட்டி, மிக மெதுவாகச் சுழலவிட்டு வெட்ட வேண்டும், தகட்டை நாலு பக்கமும் இறுக்கியிருக்க வேண்டும். ஒருநாள் நான் இரண்டு பக்கம் மட்டும் இறுக்கினேன். கத்தி தகட்டைக் கவ்விச் சுழற்றியது, ஒரு நொடிதான். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, தகடு முறுக்கிக்கொண்டு வீணாகிவிட்டது. நல்ல வேளையாக அது பழக்கத்துக்கு எடுத்த துண்டு. பெரியவர் கத்தவில்லை, மெஷினை அணைத்துவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரேடியோவுக்கு வேண்டியது நீளச்சதுரம், அது வேறு வகைக் கஷ்டம். மூலைகளில் முதலில் துளை போட்டு வளைவாக்கிக்கொண்டு, அப்புறம்தான் துளைக்குத் துளை வெட்ட வேண்டும். கூர்மையான மூலையில் விசை முழுக்க வந்து குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். 1954இல் காமெட் வகைப் பயணிகள் ஜெட் ஒன்றும், மூன்று மாதம் கழித்து இன்னொன்றும் மத்தியதரைக் கடலில் விழுந்தன. முதல் விமானத்தின் துண்டுகளைக் கடலடியிலிருந்து எடுத்துச் சேர்த்துப் பார்த்தபோது, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையருகே விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. எங்கள் முன்பலகைக்கு அந்த அளவு காற்றழுத்தம் கிடையாது, ஆனால் இன்ஜின் அதிர்வு ஓயாமல் இருக்கும். பிசிறு ஒன்று நின்றாலும், அரத்தின் ஒரு குறுக்குக் கீறல் நின்றாலும் போதும். கொலுசில் அழகுக்கும் காலுக்கும் பார்த்தது இங்கே உயிருக்குப் பார்க்க வேண்டியதாகிறது.

மின்ரம்பத்தில் வெட்டினால் தகடு துள்ளியது, கோடு நேராக வரவே இல்லை. அதற்காகத்தான் அப்பாவிடம் எடுத்துப் போனேன்.

அப்பா முதல் காரியமாகக் கோடு கிழிக்க எஃகு ஊசியை எடுத்தார். நான் பதறிக் கையைப் பிடித்தேன். "ஏஞ்சாமி, கோடு போடாம எப்படி வெட்டறது?" இந்தத் தகடு செம்பு கலந்தது, பலம் அதிகம் ஆனால் சீக்கிரம் அரிக்கும், அதனால் மேலே சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தியிருக்கிறார்கள், ஊசி அந்தத் தோலைக் கிழித்துவிடும், பென்சில்கூட ஆகாது, பென்சில் கரி பட்ட இடம் அரிக்கும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் மேலேயே மெல்லிய மார்க்கர் பேனாவால் கோடு போட்டார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அப்புறம் நூல் கனத்துக்கு பிளேடு பூட்டிய அவருடைய சின்ன ரம்பம். பிளேடில் மெழுகைத் தேய்த்தார். ஒரு முனையைக் கழற்றி மூலைத் துளை வழியாக நுழைத்து, மறுபடி பூட்டி, சுண்டிப் பார்த்தார். வீணைத் தந்தி மாதிரி 'டிங்' என்றது. "இந்தச் சத்தம் வரலைன்னா வெட்டாத." ரம்பத்தை மேலும் கீழுமாக ஓட்டினாரே தவிர முன்னால் தள்ளவே இல்லை. கோட்டுக்கு உள்ளே ஒரு நூல் விட்டு வெட்டி, மீதியை அரத்தில் இறக்கினார். அலுமினியம் அரத்துப் பல்லில் ஒட்டிக்கொண்டது, வெள்ளிக்கு இப்படி ஆகாதே என்றார். அரத்தில் சாக்பீஸ் தேய்க்க வேண்டும் என்று பெரியவர் காட்டியதை நான் செய்து காட்டினேன். ஆக இரண்டாவதும் ஒன்று உண்டு.

மாமா தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி, ஏற்காட்டு மலை உச்சியிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் லாரி ஓட்டியவர், இருபது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம். நாலு டன் பாக்சைட்டுக்கு ஒரு டன் அலுமினியம்தான் கிடைக்கும் என்று நான் சொல்ல, தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செம்மண்ணுதான் புள்ள ஏத்திட்டுப் போனோம். ஒரு நாளும் இப்படிப் பாத்ததில்ல."

கிளம்பும்போது அப்பா ரம்பத்தையும் மூன்று கட்டு பிளேடையும் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார்.

மார்ச் கடைசியில் நிஜப் பலகையில் வெட்டினேன். நாலு மணி நேரம். ரேடியோச் சட்டம் உள்ளே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பெரியவர் நகத்தை ஓட்டிப் பார்த்தார். இப்போது அவரும் நகத்தில்தான் பார்க்கிறார். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், அங்கே விடிகாலை. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார். "கண்ணு, இடது கீழ் மூலையில ஒரு முடி நிக்குது பாரு" என்றார்.

நின்றது. போனை மேஜை மேல் வைத்துவிட்டு அரத்தை எடுத்தேன். அவர் லைனிலேயே இருந்தார்.