கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட 8

மூன்று வாரமாக எனக்குத் தண்ணி காட்டிய பெங்களூர் கௌதமபுரத்து ஃபுட்பால் டீமின் பழைய குரூப் போட்டோ ஒருவழியாக வழிக்கு வந்தது. நடுவில் உட்கார்ந்திருக்கும் கேப்டனின் காலடியில் பந்து. அதில் வெள்ளைப் பெயிண்டில் 196 வரைக்கும் தெளிவு. கடைசி இலக்கம் 3ஆ, 8ஆ? டீம் 'பி' டிவிஷனுக்கு ஏறிய வருஷத்துப் படம் இது. உள்ளூர் லீக் ஆட்டங்களைக் குறித்துவைக்கும் என் நோட்டில் ஐந்து சீசன் இந்த ஒரு இலக்கத்துக்காகக் காத்துக் கிடந்தன.

படத்திலிருந்த ஷீல்டில் 'மைசூர்' என்று இருந்ததும் கை கொடுக்கவில்லை. 1973 நவம்பர் வரை கர்நாடக மாநிலத்துக்கே அதுதானே பேர்.

படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரிக்கக் கூடாது, சத்தியமாகக் கூடாது. போன வருஷம் சித்தப்பாவின் டீம் படத்தை, ஜே.சி. ரோட்டு பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊறவைத்தேன். சித்தப்பாவின் முகம் மட்டும் தோலாக உரிந்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. சித்தி இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒட்டிய இடம் கறுத்துப் பளபளக்கும், ஒட்டாத இடம் வெளிறித் தெரியும். அந்த எல்லைக்கோடு சொல்லிவைத்த மாதிரி அந்த இலக்கத்தின் மேலேயே ஓடியது. போதாக்குறைக்கு, எடுத்த படத்திலெல்லாம் கண்ணாடியில் பிரதிபலித்த என் மூக்கு.

சிக்பேட்டையில் ஒரு மீட்டர் கறுப்பு வெல்வெட் வாங்கினேன் (சாட்டின் வேண்டாம், அதுவே மின்னும்). நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை, பின்னால் மொபைல். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் விழும்படி வைத்தேன். எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும், அப்புறம் எதிர்வீட்டுச் சுவர் வெயிலைத் திருப்பி அடிக்கும். நாற்பத்தோராவது கிளிக்கில் இடப்பக்க வளைவு இரண்டும் மூடியிருப்பது தெரிந்தது. எட்டேதான்!

படத்துக்குச் சொந்தக்காரரான பெரியவரிடம் ஓடினேன்.

"மைசூர் சந்தோஷ் டிராபிய அடுத்தடுத்து அடிச்ச சமயம்னு மொதல்லயே சொன்னேனே தம்பி, காதுல வாங்குனியா?"

சொன்னார்தான். மாநில அணிகள் மோதும் அந்த ஃபுட்பால் கோப்பை 1967-68, 1968-69 இரண்டு முறையும் மைசூருக்கே. ஆனால் வாய்ப்பேச்சை மட்டும் நம்பி நோட்டில் ஏற்றுவதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகச் சாரங்கபாணி ராமன் அடித்த கோலை நேரில் பார்த்ததாக எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

பின்வரிசையில் நான்கு பேரின் பெயர் இன்னும் பாக்கி. அதற்குள் மனசு 1937, 1938இல் பம்பாயின் ரோவர்ஸ் கப் ஃபுட்பால் போட்டியை ஜெயித்த பெங்களூர் முஸ்லிம்ஸ் டீம் பக்கம் தாவிவிட்டது. சிவாஜிநகர் ஃபிரேம் கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தக் காலத்துப் படம் இருப்பதாகச் சொல்கிறார். கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதாம், பிரித்தே கொண்டுவரட்டுமா என்றும் கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.